கதவு: இருவரும் கலந்து பேசிச் செய்யவும்

ஹாலில் ஒரு சுவர் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

செங்கல் சுவர்கூட இல்லை. ஜிப்சம் போர்டு சுவர். தகட்டுச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் வெள்ளைப் பலகையைத் திருகி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்தால் தீர்ந்தது. நாமக்கல்லில் துணிக்கடை, கண் ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை அலுவலகம் என்று எங்கே நுழைந்தாலும் இந்தச் சுவர்தான் நிற்கிறது. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் ஹால் நீளமானது. லாரிக்கு பாடி கட்டுகிற தொழிலில் இருந்தவர் கட்டிய வீடு. ஹாலையும் அதே கணக்கில் கட்டிவிட்டார். அதன் கடைசிப் பகுதியை மறித்தால் மருமகள் நித்யாவுக்கு ஓர் அறை கிடைக்கும். கம்பி போட்ட ஜன்னல் ஒன்று ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நித்யா பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஹாலில் உட்கார்ந்துதான் மீட்டிங். ஒரு நாள் அவள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, என் மனைவி சரோஜா வாசலில் முருங்கைக்காய்க்காரரிடம், "இதுக்கு இந்த வெலையா? மனசாட்சி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

வாடிக்கையாளருக்குத் தமிழ் தெரியும். தாம் தருவதாகச் சொன்ன விலை ஏன் நியாயமானது என்று அவர் கால் மணி நேரம் விளக்கம் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. நான்கு பக்கமும் மூடிய தனி அறை இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் அதை வீடியோவில் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும்.

என் மகன் அருணுக்கு இங்கே லாரிப் பட்டறையில் வேலை. அவனால் போக முடியாது. நித்யா போனால் பேத்தி யாழினியும் போவாள். குடும்பம் இரண்டாகும். என் கதைகளைக் கேட்டுவிட்டு, "நல்லா இல்லை தாத்தா" என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. சரோஜா இருக்கிறாள்தான். ஆனால் அவள் கதையைக் கேட்காமலே சொல்லிவிடுவாள்.

ஆகவே சுவர்.

சேலத்தில் இருக்கும் என் நண்பர் ராமநாதன் ஓய்வுபெற்ற பொறியாளர். அவரிடம் போனில் யோசனை கேட்டேன்.

"எடுத்த எடுப்புல ரேட்டு கேக்காதேய்யா" என்றார். "முதல்ல வேலையை வரையறுத்து எழுது. என்னென்ன வேலை, எதுவரைக்கும், எது சேர்த்தி, எது சேர்த்தி இல்லை, எதுக்கு யார் பொறுப்பு. இல்லேன்னா மூணு காண்ட்ராக்டர் மூணு சுவருக்கு ரேட்டு சொல்வாங்க. உனக்கு ஒண்ணும் புரியாது."

"எழுதணும், அவ்வளவுதானே?" என்றேன்.

"அவ்வளவுதான்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கத்தை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன். காகிதக் கப்பல், தேங்காய்ச் சிரட்டை ஆமை, தீப்பெட்டி ரயில், அட்டை வீடு எல்லாவற்றுக்கும் செய்முறை எழுதியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதுவதுதான் என் தொழில். காண்ட்ராக்டருக்குப் புரியும்படி எழுதுவது அதைவிடச் சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?

உட்கார்ந்து எழுதினேன். சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், தரையிலிருந்து கூரை வரைக்குமா, பாதியோடு நிற்க வேண்டுமா, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி, சத்தம் போகாமலிருக்க நடுவே கண்ணாடிப் பஞ்சு, பலகைகள் சேரும் இடத்தில் டேப், அதன் மேல் பட்டி, தேய்ப்பு, இரண்டு கை பெயிண்ட், ஸ்விட்சுப் பெட்டிக்கு ஓட்டை, வேலை முடிந்ததும் குப்பை அள்ளுவது. எதையும் விடவில்லை. படமும் வரைந்தேன். படத்தில் சுவருக்குப் பக்கத்தில் அளவுக்காக ஒரு மனிதனை நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் அவனுக்குச் சிரித்த முகம் வந்துவிட்டது.

சரோஜா வாங்கிப் படித்தாள்.

"ஏனுங்க, 'தேவையான பொருட்கள்'னு ஆரம்பிச்சிருக்கீங்க."

"ஆமாம்."

"'பலகையை அறுக்கும்போது பெரியவர்களின் உதவியைப் பெறவும்'னு இருக்குது."

அந்த வரியை அடித்தேன்.

"கடைசில 'செய்து பார்த்துப் படம் அனுப்புங்க'ன்னு மட்டுந்தானுங்க இல்லை."

அதை ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மூன்று காண்ட்ராக்டர்களை ஒரே நாளில், ஒரே நேரத்தில் வரச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே விளக்கம் கிடைக்க வேண்டும் அல்லவா? போட்டி என்றால் நியாயமாக இருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் எருமப்பட்டித் தங்கவேல். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அளவு டேப். அடுத்து வந்தவர் நல்லசாமி. அவருக்கு வயது கொஞ்சம் கூட. இரண்டு பேரும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் போல இடம் இருந்தது.

மூன்றாவதாகக் குமார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், சோபாவைப் பார்த்தார். இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார். கழற்றின ஒரு செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"நான் வரலீங்க சார்."

"ஏன்? வேலை இன்னும் சொல்லவே இல்லையே!"

"ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவிங்க. நீங்க பாத்துக்குங்க சாமி. எனக்கு ராசிபுரத்துல ஒரு சோலி இருக்குதுங்க."

சரோஜா கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மனது உள்ளவர், போட்டியிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார் என்று நினைத்தேன்.

மற்ற இருவருக்கும் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். நிறுத்தி, நிதானமாக, படத்தைத் தொட்டுக் காட்டி. இருவரும் மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். சந்தேகம் கேட்டால்கூட என்னைத் தாண்டிப் பேசவில்லை.

"சார், சட்டம் அரையடி தள்ளி வந்தா நல்லா இருக்குமுங்க. அவருக்கு அது சம்மதமான்னு கேளுங்க" என்றார் தங்கவேல்.

"சம்மதம்னு சொல்லுங்க சார்" என்றார் நல்லசாமி.

நான் தங்கவேலைப் பார்த்து, "சம்மதமாம்" என்றேன்.

எவ்வளவு ஒழுங்கு! கூட்டத்தில் தலைவர் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது பெரிய மனிதர்களுக்கே மறந்துபோன நாளில் இப்படி இருவரா என்று எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

நாலைந்து நாளில் இருவரும் விலை எழுதிக் கொடுத்தார்கள். நான் எழுதியது வீண்போகவில்லை. இருவரும் ஒரே சுவருக்குத்தான் விலை சொல்லியிருந்தார்கள். தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தங்கவேலுக்குச் சட்டம் நிறுத்துவதில் பெயர். நல்லசாமியின் ஆட்கள் பட்டி தேய்த்தால் சுவர் கண்ணாடி.

யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் நான் தவறினேன். சிறுவர் பக்கத்தில் ஓவியப் போட்டி வைத்தால் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வராது. முதல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்தளிக்கப்படும், மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு உண்டு. பல வருஷமாக அப்படியே செய்து கை பழகிவிட்டது.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். படத்தில் இருந்த சுவருக்கு நடுவே, நீளவாக்கில், ஒரு கோடு போட்டேன்.

சட்டமும் ஹால் பக்கப் பலகையும் தங்கவேல். பஞ்சும் அறைப் பக்கப் பலகையும், பிறகு இரண்டு பக்கத்துப் பட்டியும் பெயிண்டும் நல்லசாமி. ஸ்விட்சுப் பெட்டி எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்துக்காரர். அவரவர் குப்பை அவரவருக்கு. ஒரு சந்து விடாமல் பிரித்தேன்.

ஒன்றே ஒன்றைத்தான் பிரிக்க முடியவில்லை. கதவு. அது இரண்டு பக்கமும் தெரியும். சுவரின் எந்த இடத்தில் வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம். ஆகவே எழுதினேன்: "கதவு: இருவரும் கலந்து பேசிச் செய்யவும்."

எழுதிவிட்டு ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். அழகான வரியாகத் தோன்றியது.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தனித்தனியாக வந்து போட்டார்கள்.

வேலை தொடங்கிய அன்று தங்கவேல் சட்டத்தை நிறுத்தி முடித்தார். மறுநாள் காலை தங்கவேல் ஹால் பக்கமும் நல்லசாமி அறைப் பக்கமும் பலகை திருக ஆரம்பித்தார்கள். தங்கவேலுக்கு இரண்டு ஆட்கள். நல்லசாமி வெளியே இருந்து ஓர் ஆளை வைத்துக்கொண்டு தாமே கருவியைப் பிடித்தார். இரண்டு பேருக்கும் நடுவே எலும்புக்கூடு மாதிரி சட்டம். அதன் வழியாக ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். கை நீட்டினால் தொடலாம்.

"சார்!" என்று கூப்பிட்டார் தங்கவேல்.

சமையலறையிலிருந்து வந்தேன்.

"அந்த ஏணி நமக்குக் கொஞ்சம் வேணுமுங்க. அவருகிட்டச் சொல்லுங்க."

நான் சட்டத்துக்குள் உடம்பைத் திருப்பி நுழைந்து, அந்தப் பக்கம் போய், "ஏணி வேணுமாம்" என்றேன்.

"எடுத்துக்கச் சொல்லுங்க."

திரும்ப நுழைந்து வந்து, "எடுத்துக்கலாமாம்" என்றேன்.

இப்படியே போனது. ஸ்குரு, ஏணி, மூலைமட்டம், யாருடைய பென்சில் யாரிடம் இருக்கிறது என்கிற விசாரணை. நான் போனேன், வந்தேன். மரியாதைக்கும் ஒரு எல்லை உண்டு என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தபோது சரோஜா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா? அவிங்க ரெண்டு பேரும் மாமன் மச்சான். தங்கவேலு கட்டியிருக்கறது நல்லசாமி தங்கச்சிய."

"சொந்தக்காரர்களா? நல்லதாகப் போச்சு."

"என்னத்த நல்லதாப் போச்சு? பேச்சு வார்த்தையே இல்லீங்க! தங்கவேலு புள்ளைக்குக் காது குத்தறப்ப தாய்மாமன் மடியில உக்கார வெக்காம, ஒன்னுவிட்ட மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்திப்போட்டாங்களாம். அன்னையிலிருந்து ரெண்டு ஊட்டுக்கும் ஆகாது. இப்பத்தான் அந்த வேலையாளு சொன்னான்."

இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான் விழாவே. மற்றதெல்லாம் சாப்பாடு. அந்த மடியைத் தாண்டிப் போனவர்களைப் பேச வைப்பது பஞ்சாயத்துக்காரர்களாலும் ஆகாத காரியம்.

கேட்டதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் கதவைப் பற்றி நினைக்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அட்டை வீடு செய்முறையில் முதலில் அட்டையை மடித்து, நான்கு சுவரையும் ஒட்டி, காய வைத்து, கடைசியில்தான் கத்தரிக்கோலால் கதவை வெட்டுவோம். எத்தனை முறை எழுதியிருப்பேன்! பெரிய சுவருக்கும் அதே முறைதான் என்று திடமாக நம்பியிருந்தேன்.

மதியம் நித்யா வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, நாலு மணிக்கு வீடியோல பாக்கறாங்க. கடைசி நாள் இன்னைக்குத்தான். பெயிண்ட் இல்லாட்டிப் பரவால்ல. அறை மூடி இருந்தாப் போதும். ஆயிருமா?"

"ஆயிரும் கண்ணு. நான் இருக்கேன்."

இடமிருந்து வலமாகப் பலகை ஏறியது. ஒருவர் வேகத்தைப் பார்த்து மற்றவர் வேகம் கூடியது. யார் முதலில் முடிப்பது என்று இருவருக்குள்ளும் ஏதோ ஓடியது. எனக்கான வழி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு சட்டத்துக்கு நடுவே ஓர் இடைவெளிதான் பாக்கி.

"சார், பஞ்சு இந்தப் பக்கமாப் பிதுங்குது. அமுக்கிவிடச் சொல்லுங்க" என்றார் தங்கவேல்.

வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தேன். நல்லசாமியிடம் சொன்னேன்.

"பஞ்சு சரியாத்தானுங்க இருக்குது. சட்டந்தான் கோணல்னு சொல்லுங்க."

இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். இடைவெளியைக் காணோம். அந்த இடத்தில் ஹால் பக்கப் பலகையின் முதுகு தெரிந்தது. டர்ர், டர்ர் என்று ஸ்குரு முனைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன.

நல்லசாமி அதைச் சற்று நேரம் பார்த்தார். மிச்சப் பஞ்சை எடுத்து உள்ளே வைத்து அமுக்கினார். தம் கடைசிப் பலகையைத் தூக்கினார். அவருடைய ஆள் டேப் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

"சார், ஒரு கை புடிங்க."

பிடித்தேன். நானே பிடித்தேன்! கோணாமல், அசையாமல், அவர் கடைசி ஸ்குருவைத் திருகி முடிக்கும் வரைக்கும் பிடித்தேன்.

அறை அமைதியானது. பஞ்சு நல்ல பஞ்சு. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அருமை" என்றேன். "சரி, கதவை எப்போ வெட்டுவீங்க?"

"எந்தக் கதவுங்க?"

"நம்ம கதவு."

"அது அவரு சட்டத்துல வழி உட்டிருக்கோணுமுங்க. அவரு உடலீங்களே."

"நீங்க கேட்டிருக்கலாமே? கலந்து பேசின்னு எழுதியிருந்தேனே?"

"அவரு பேசட்டும்னுதானுங்க நானும் பாத்துட்டிருந்தேன்."

"அவர் மூடும்போதாவது சொல்லியிருக்கலாம்."

"அவரே மூடறப்ப எனக்கென்னங்க? நானும் மூடிட்டேன்."

இதே நேரத்தில் அந்தப் பக்கம் நடந்ததைச் சரோஜா பிறகு சொன்னாள். அவள் தங்கவேலிடம், "எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?" என்று கேட்டாளாம்.

"உள்ளதானுங்கம்மா."

"எப்படி வெளிய வருவாரு?"

தங்கவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அத இன்னொருத்தரு வந்து எங்கிட்டக் கேட்டிருக்கோணுமுங்க" என்றாராம்.

நான் ஜன்னலுக்குப் போய், "சரோஜா!" என்று கத்தினேன். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலை ஒட்டிய சந்துக்குள் வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாலு மணிக்கு அந்தப் புள்ளைக்கு வீடியோ. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நல்லா எழுதினீங்க, போங்க."

தங்கவேலும் வந்து நின்றார். நல்லசாமி என் பக்கத்தில் நின்றார். இருவருக்கும் நடுவே கம்பிதான். தங்கவேல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"சார், அறுக்கறது ஒண்ணும் பெரிசில்லீங்க. எவடத்துல அறுக்கறதுன்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

"அவரையே கேக்கச் சொல்லுங்க சார்" என்றார் நல்லசாமி.

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது.

"நான் கேக்க மாட்டேன்! காலையிலேருந்து ஏணிக்கும் ஸ்குருவுக்கும் தூது போயாச்சு. இனி போக வழியும் இல்லை!"

பட்டி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நல்லசாமி மேலே மின்விசிறிக்கான கொக்கியைப் பார்த்து, "மடியில உக்கார வெக்கறதுக்கு எங்களைக் கேக்கல. கதவுக்கு மட்டும் கேக்கோணுமாக்கும்" என்றார்.

"ஏன் மச்சான், நேரத்துக்கு வந்திருந்தா உங்க மடிதானுங்களே!" என்றார் தங்கவேல்.

சரோஜா என் பக்கம் திரும்பி, கண்ணால் 'பேசிட்டாங்க' என்றாள்.

"லாரி டயரு வெடிச்சுப் போச்சு மாப்ளே! சீர்த்தட்டு அத்தனையும் வெச்சுட்டு நடுரோட்டுல நிக்கறேன். உனக்குப் போன் மேல போன் போட்டேன். எடுத்தியா நீ?"

"கொழந்தை வீல்னு கத்துது, மேளக்காரன் அடிக்கறான், இதுல போன் எங்கீங்க கேக்கும்? முகூர்த்தம் முடியப் போகுது, முடியப் போகுதுன்னு அய்யரு ஒரு பக்கம் தொரத்தறாரு!"

"ஒரு கால் மணி நேரம் பொறுத்திருக்கலாமல்ல? என்ற தங்கச்சி புள்ளை அது!"

"அப்ப என்ற புள்ளை இல்லீங்களா?"

அதன் பிறகு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. சந்து முழுக்க எதிரொலித்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். யாழினி சந்துக்கு வந்து, "தாத்தா, நீங்க கூண்டுல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அறையில் இருக்கேன்."

அப்போதுதான் மணி நாலு.

சண்டை முழுவதும் சந்தில் நடந்ததால் ஹால் வரலாறு காணாத அமைதியாக இருந்திருக்கிறது. நித்யா போனை எடுத்து, பெங்களூர் அதிகாரிக்குச் சுவரைக் காட்டினாள். தரையிலிருந்து கூரை வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதிகாரி அம்மாளுக்குத் திருப்தி. நல்ல சுவர், உள்ளே போய்க் காட்டுங்கள் என்றாராம்.

நித்யா சுவரைப் பார்த்தாள். நம் மருமகள் பதறுகிற ரகம் இல்லை. "ஒரு நிமிஷம் மேடம், வெளிச்சத்துக்காக ஜன்னல் வழியாக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிச் சந்துக்கு வந்தாள்.

போன் தெரிந்ததும் இரண்டு பேரும் பாதி வாக்கியத்தில் வாயை மூடினார்கள். தங்கவேல் ஒதுங்கி நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நல்லசாமி உள்ளிருந்து கும்பிட்டார். நானும் வாளியிலிருந்து எழுந்து கும்பிட்டேன்.

போனிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. இவர்கள் யார் என்று.

"ஒருத்தர் காண்ட்ராக்டர் மேடம். ஒருத்தர் என் மாமனார்."

ஏன் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்கள்?

"வேலையைச் சரிபார்க்கறாங்க மேடம்."

போனைக் கம்பிக்குள் நீட்டி, நான்கு மூலையையும் நிதானமாகக் காட்டினாள். வாசலில் முருங்கைக்காய்க்காரர் குரல் கேட்டது. சரோஜா வாயைத் திறக்கவில்லை. எங்கள் திருமணத்துக்குப் பிறகு நான் பார்த்த பெரிய தியாகம் அதுதான்.

பார்த்துவிட்டு மெயில் அனுப்புகிறோம் என்று சொல்லி அந்த அம்மாள் வைத்துவிட்டார். நித்யாவின் முகத்தில் நிம்மதியும் இல்லை, கவலையும் இல்லை. "தெரியலை மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். யாழினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தங்கவேல்தான் முதலில் பேசினார்.

"மச்சான், மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"எங்க மாப்ளே."

சரோஜா உள்ளே போய் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. பஜ்ஜி ஒவ்வொன்றாக வந்தது. தங்கவேல் தம் கையால் எடுத்து மச்சானுக்குக் கொடுத்தார். தங்கச்சி எப்படி இருக்கிறாள், புள்ளை எந்தப் பள்ளிக்கூடம், தோட்டத்துக் கிணற்றில் தண்ணி இருக்கிறதா என்று பேச்சு போனது. நான் குறுக்கிடவில்லை. பேசிக்கொள்ளாமல் இருந்ததால்தான் இந்த நிலைமை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாகக் கதவுக்கு வந்தார்கள்.

"எவடத்துல வெக்கலாமுங்க மச்சான்?"

"நீ சொன்னாச் சரி மாப்ளே."

"அதெப்படிங்க? நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க."

"சட்டம் உன்றது. நீதான் சொல்லோணும்."

"பட்டி பாக்கறது நீங்க. உங்க தோதுக்கு வெச்சாத்தானுங்க நல்லாருக்கும்."

"உன்ற தோதைக் கெடுத்து எனக்கு எதுக்கு மாப்ளே கதவு?"

"அன்னைக்கு உங்களைக் கேக்காமச் செஞ்சதே போதுமுங்க மச்சான். இன்னைக்கு உங்க வாயில வராம ரம்பத்தைத் தொட மாட்டேன்."

நல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வேறு காரணம்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அறையில் விளக்கு இல்லை. ஸ்விட்சுப் பெட்டி ஹால் பக்கம் இருந்தது.

"வலது ஓரம் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன் நான்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், இதுல நீங்க வராதீங்க" என்றார் தங்கவேல் பணிவாக. "நாங்க கலந்து பேசறமுங்க."

மறுபடியும் வாளியில் உட்கார்ந்தேன்.

அப்போது நித்யா சந்துக்குள் ஓடி வந்தாள். கையில் போன். முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே சரோஜாவும் யாழினியும்.

"மாமா, மெயில் வந்திருச்சு! ஓகே பண்ணிட்டாங்க! பெங்களூர் போக வேண்டாம்!"

"என்ன எழுதியிருக்காங்க?"

அவள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து தமிழில் சொன்னாள். "அறை நாலு பக்கமும் முழுசா மூடியிருக்கு, உள்ளே யாரும் சுலபமா வந்து போக முடியாது, ரொம்பத் திருப்தின்னு எழுதியிருக்காங்க மாமா."

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன்.